மூன்றாம் வருடத்து நெல் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான்கைந்து வருடங்களாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். நானும் கணவரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். மகளுக்கு நான்கு வயது. அவள் பிறந்ததிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் இயற்கை அங்காடியில்தான் வாங்குகிறேன். கருப்புக் கவுனி கிலோ 180 ரூபாய், தூயமல்லி 125. எதிரே உள்ள மளிகைக் கடையில் பொன்னி 65.

என் மாமனார் வேளாண்மைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் பணி. நான் அரிசிப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் அவருக்கு மனசு பொறுக்காது. "நாட்டுல பஞ்சம் வந்தப்ப உன் கவுனியா சோறு போட்டுச்சு? நாங்க வரப்பு வரப்பா ஏறி இறங்கிக் கொடுத்த விதையும் உரமும்தாம்மா போட்டுச்சு" என்பார். இலங்கையில் உரத்தை நிறுத்தியதும் என்ன ஆயிற்று என்று பார்த்தாயா என்றும் கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ரேஷன் அரிசி சாப்பிடுகிறார். அவர்தான் என் மகளுக்கு இந்த 125 ரூபாய் அரிசியைக் கழுவி உலையில் போடுகிறார்.

இது உண்மையிலேயே வளர்ந்து வருகிற ஒரு விவசாயமா, அல்லது வசதி உள்ளவர்களின் மோகமா? உரச் செலவே இல்லை என்கிறார்கள், பிறகு ஏன் இரண்டு மடங்கு விலை? கடையில் விற்பது நிஜமாகவே இயற்கையில் விளைந்ததுதானா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

எஸ்.,
சென்னை

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. அந்த உண்மையை ஒதுக்கி வைத்துவிட்டு இயற்கை வேளாண்மையைப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

1965, 1966 இரண்டு வருடமும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை நம்பி நாடு இருந்தது. தஞ்சாவூர் மாவட்டம் அதற்கு முன்பே, 1960லேயே, தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று. 'பாக்கேஜ் திட்டம்' என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். உங்கள் மாமனாருக்கு அந்தப் பெயர் நன்றாக நினைவிருக்கும். ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தது, பின்னாலேயே ஐ.ஆர்.8 வந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர். முதல்முதலாக யூரியா வந்த வருடத்தைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிராம சேவகர் வரப்பில் நின்று எப்படித் தூவவேண்டும் என்று காட்டிக் கொடுத்தாராம். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. பாதி வயலுக்கு மட்டும் போட்டார். ஒரே வாரத்தில் அந்தப் பாதி கரும்பச்சையாக எழுந்து நின்றது. அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக் குதிரில் ஆடி மாதத்திலும் நெல் இருந்தது என்பார் அம்மா. பசியைத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆடி மாதத்து நெல் என்றால் என்னவென்று தெரியும். அந்த நெல்லை விளைவித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பா யூரியாவைக் கடைசி வரை 'உப்பு' என்றுதான் சொன்னார். ஏக்கருக்கு அரை மூட்டையில் தொடங்கியது, எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் இரண்டு மூட்டையைத் தாண்டியிருந்தது. விளைச்சல் அப்படியேதான் இருந்தது, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. யூரியா கொடுப்பது தழைச்சத்து. அது அளவுக்கு மீறினால் இலை கரும்பச்சையாகக் கொழுத்துவிடும். அந்த இலைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழு வரும், தூருக்குப் புகையான் பூச்சி வரும். அதற்கு மருந்து, அந்த மருந்துக்குச் சாகாத பூச்சிக்கு அடுத்த மருந்து. நடவு முடிந்து வரும்போது அம்மா மடியில் நத்தையும் கீரையும் கட்டிக்கொண்டு வந்த வயல் அது. நான் கல்லூரி முடித்த வருடம் அந்த வயலில் ஒரு நண்டு வளைகூட இல்லை.

மாமனார் பார்த்தது முதல் இருபது வருடம். நாங்கள் பார்த்தது அடுத்த முப்பது. இரண்டும் நடந்ததுதான்.

சரி, இது மோகமா என்று கேட்டீர்கள். இதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று ஒரு பக்கமும் 'வெளிநாட்டு நாகரிகம்' என்று இன்னொரு பக்கமும் பேசுவதில் நடுவே இருப்பது தொலைந்துபோகிறது. 1905ல் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். நம் உழவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர். சுற்றியிருந்த கிராமங்களின் பயிர்களில் மருந்து எதுவும் இல்லாமலே பூச்சி குறைவாக இருப்பதைக் கண்டு, உழவர்களையும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார். 1924ல் இந்தூரில் ஒரு நிலையம் அமைத்து, இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று மாதத்தில் புரட்டிப் புரட்டி மட்கவைக்கும் முறையை வகுத்தார். உலகம் முழுக்க 'இந்தூர் முறை' என்று பேர் வாங்கியது. அவர் மனைவி கேப்ரியல் ஹோவர்டும் அந்த ஆராய்ச்சியில் சம பங்காளி. 1940ல் ஆல்பர்ட் ஹோவர்ட் எழுதிய நூலை வாசித்துத்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். இன்று உங்கள் கடைப் பையில் 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருக்கிறதே, அதன் ஒரு வேர் நம் ஊர் எருக்குழியில் இருக்கிறது. எருக்குழியிலிருந்து லண்டன் போய், விலையேறி, பையில் அடைத்துத் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தவர் நம்மாழ்வார். தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். உங்கள் மாமனார் மாதிரியே அரசு வேலையில் இருந்தவர்தான். 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பணிபுரிந்தபோது, அங்கே சோதிக்கிற உரமும் ஒட்டு விதையும் மானாவாரிக் கரிசல்காட்டு ஏழை உழவனுக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு வேலையை விட்டார். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராக நடந்தார். மேடையில் அவர் பேசியதைவிட, வரப்பில் உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். 2013ல் டெல்டாவில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக அவர் கிராமம் கிராமமாகப் போனபோது, எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மாலை அவரைப் பார்த்தேன். பச்சைத் துண்டு, வெள்ளைத் தாடி. பேசி முடித்ததும் ஒரு பாட்டியிடம் அந்தக் காலத்தில் நாற்றங்காலுக்கு என்ன தழை மிதிப்பீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்துபோனார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006ல் நெல் திருவிழா தொடங்கினார். ஏற்பாடு மிக எளிமையானது. வருகிற உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கிச்சிலிச் சம்பா, உப்பு நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் குழியடிச்சான் என்று 174 ரகங்களை இப்படி மீட்டார். 2018 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். பதிவேடு, பிணை, கையெழுத்து இவை எதையும் நம்பாமல் ஆளை நம்பி நடந்த வேலை அது. இயற்கை வேளாண்மை வளர்ந்ததா என்று என்னைக் கேட்டால் இதைத்தான் வளர்ச்சி என்பேன்.

கணக்கு என்று பார்த்தாலும் வளர்ந்துதான் இருக்கிறது. 1999ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேர் நிலம் இயற்கை வேளாண்மையில் இருந்தது. 2022ல் அது 9 கோடி ஹெக்டேரைத் தாண்டியது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலம். மொத்த விவசாய நிலத்தில் 2 சதவீதம்தான். உலகிலேயே அதிகமான இயற்கை விவசாயிகள் இருப்பது இந்தியாவில், அவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். 2001ல் நம் நாட்டில் இதற்கான சான்றிதழ் திட்டம் வந்தபோது, முதலில் மனதில் வைத்தது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் தேயிலையையும் மிளகையும் பருத்தியையும்தான். வேளச்சேரி அங்காடிகள் எல்லாம் அதற்கு வெகு பின்னால் வந்தவை.

இப்போது உங்கள் விலைக் கேள்விக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தம்பிதான் நிலத்தைப் பார்க்கிறான், நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். உரக்கடையில் பழைய பாக்கி அப்படியே நின்றது. அடுத்த சம்பாவுக்கு மறுபடியும் போய் நிற்க அவனுக்கு மனமில்லை. 2019ல் ஆதிரெங்கத்துக்குப் போய் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கிவந்தான். ஒற்றை நாற்றாக நட்டால் அது மூன்று மாவுக்கு எட்டும். மிச்ச ஆறு மாவில் பழையபடியே உரம் போட்டான், வீடு நடக்க வேண்டுமே. தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதான். பிளாஸ்டிக் பேரலில் இருநூறு லிட்டர் தண்ணீர், பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம் போட்டு அமிர்தக் கரைசல் கலக்கினான். நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு இலைகளை இடித்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டி செய்தான்.

அப்பா காலத்தில் அந்த மூன்று மாவில் 31 மூட்டை விளைந்தது. தம்பிக்கு முதல் வருடம் 13 மூட்டை. இரண்டாம் வருடம் பயிர் பார்க்க அழகாக நின்றது. மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, டெல்டாவில் யாரும் எதிர்பார்க்காத மழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். முற்றிய கதிரோடு பயிர் அப்படியே படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த நெல் முளைத்துவிட்டது. 9 மூட்டை. பக்கத்து வயலில் குட்டை ரகம், அதுவும் நனைந்தது என்றாலும் பாதியாவது தேறியது. அன்று சாயங்காலம் தம்பி வரப்பில் உட்கார்ந்திருந்தான். நான் என்ன சொன்னேனோ தெரியாது. அவன் பேசவில்லை.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தான். "அண்ணே, வயல்ல நாங்கூழ் மண்ணு கிடக்கு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வரப்போரத்தில் ஈரம் காயாத இடத்தில் கடுகை உருட்டி வைத்ததுபோல் குட்டிக் குட்டிக் குவியல்கள். மண்புழுவை எங்கள் பக்கம் நாங்கூழ் என்போம். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விரலால் அழுத்தினேன், உடைந்து பொலபொலவென்று உதிர்ந்தது. மடைக்கு அந்தப் பக்கம், உரம் போடுகிற ஆறு மாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்தேன். அது செங்கல் மாதிரி கையிலேயே இருந்தது. ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர். அந்த வருடம் 19 மூட்டை. இப்போது 20, 21ல் நிற்கிறது. 31 இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

இனி 125 ரூபாய். தம்பி இப்போது உங்கள் தூயமல்லியும் போடுகிறான், அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 2024-25 பருவத்தில் 60 கிலோ மூட்டை சன்ன நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டால் சுமார் 1,470 ரூபாய் கிடைத்தது. அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு பிரிவுதான். உரம் போட்ட நெல்லும் போடாத நெல்லும் ஒரே விலை. அந்த விலையில் 31 மூட்டை எடுப்பவருக்கு 45,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். 20 மூட்டை எடுப்பவருக்கும் அதே தொகை கிடைக்க வேண்டுமானால் மூட்டைக்கு 2,280 ரூபாய் வேண்டும். லேசாகத் தீட்டினால் ஒரு மூட்டை நெல்லில் 36 கிலோ அரிசி தேறும். ஆக நெல்லுக்கு மட்டுமே கிலோ அரிசிக்கு 63 ரூபாய் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் காயவைக்கிற கூலி, அரவை, சாக்கு, லாரி. பெரிய ஆலைகள் இருபது மூட்டையை அரைத்துத் தரமாட்டார்கள். சின்ன மில்லைத் தேடி முப்பது கிலோமீட்டர் போகிறான். ஊரை விட்டுக் கிளம்பும்போதே 80 ரூபாய். மீதி 45 ரூபாய் சென்னைக் கடை வாடகையிலும் வண்டு விழுந்து வீணாகும் அரிசியிலும் கடைக்காரரின் லாபத்திலும் போகிறது.

உரச் செலவு இல்லையே என்பதற்கு இரண்டு பதில். முதலாவது, களை. உரமும் களைக்கொல்லியும் இருக்கிற வயலில் ஒரு தெளிப்பில் முடிகிற வேலைக்கு இங்கே இரண்டு தடவை ஆள் இறங்க வேண்டும். மிச்சமாகிற உரக் காசு பெண்களின் களையெடுப்புக் கூலியாகப் போகிறது. நல்ல செலவுதான், ஆனால் செலவு. இரண்டாவதை உங்கள் மாமனாரே நன்றாகச் சொல்வார். 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசு. அதன் அசல் விலை அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. 65 ரூபாய் பொன்னியின் இன்னொரு பகுதி விலையை நீங்கள் ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டீர்கள். சாணத்துக்கு அப்படி யாரும் மூட்டைக்கு மூட்டை பணம் கட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த முதல் இரண்டு வருடம். சான்றிதழ் விதிப்படி நெல் போன்ற பயிர்களுக்கு இரண்டு வருடம், மரப்பயிர்களுக்கு மூன்று வருடம் மாற்றக் காலம். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், இயற்கை விளைபொருள் என்று விற்கவும் முடியாது. தம்பிக்கு ஆறு மா கைகொடுத்தது, என் சம்பளம் கைகொடுத்தது. ஒரு மா மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? எங்கள் தெருவிலேயே இருவர் தொடங்கினார்கள், இரண்டாம் வருட முடிவில் உரக்கடைக்குத் திரும்பினார்கள். அவர்கள் தோற்றுப்போனார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த இரண்டு வருடத்தை அவர்களோடு சேர்ந்து சுமக்க யாரும் இல்லை.

இலங்கையில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். 2019 தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷ சொன்னது பத்து வருடத்தில் இயற்கை வேளாண்மைக்கு மாறுவது. செய்தது, 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தியது. அன்னியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எருவும் தயாராக இல்லை, விதையும் தயாராக இல்லை. உரத்துக்கே பழகிய ரகங்களை வைத்துக்கொண்டு உரத்தை மட்டும் பிடுங்கினார்கள். சீனாவிலிருந்து தருவித்த இயற்கை உரத்தில் கேடு செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லிக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள், அதற்கும் பணம் கட்டினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவோடு இருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. தேயிலை அடிவாங்கியது. வடக்கு கிழக்கில் போருக்குப் பிறகு அப்போதுதான் நிலத்தில் காலூன்றியிருந்த நம் மக்கள் உட்பட எத்தனையோ குடும்பங்கள் அந்தப் போகத்தில் கடனாளி ஆனார்கள். இதைப் பார்த்து உங்கள் மாமனார் பயப்படுவது நியாயம்தான். பத்து வருடத்தில் செய்வதாகச் சொன்னதைப் பத்து வருடத்தில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிக்கிம் 2003ல் சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டு, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2010ல் தனி இயக்கம் தொடங்கி, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தது. 13 வருடம். மலைச்சரிவுகளில் அதற்கு முன்பும் உரம் குறைவாகத்தான் போட்டார்கள், தங்கள் அரிசியில் பெரும்பகுதியை இன்றும் வெளியிலிருந்துதான் வாங்குகிறார்கள். ஆகவே சிக்கிமைக் காட்டி டெல்டாவும் நாளைக்கே மாறலாம் என்று நான் வாதாடமாட்டேன். அவர்கள் காலம் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கடையில் விற்பது நிஜம்தானா என்ற கேள்வி. எங்களுக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நகரத்துக் கடைக்கு ஒரு வருடம் அரிசி கொடுத்தோம், பணம் இழுத்தடித்ததால் நிறுத்திவிட்டோம். ஆறு மாதம் கழித்து உறவினர் ஒருவர் அங்கே வாங்கிய பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது, உள்ளே இருந்தது எங்கள் அரிசி இல்லை. தம்பி அந்தப் பையை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறான். ஏமாற்று இருக்கிறது. சான்றிதழ் முத்திரையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று தரும் பங்கேற்பு முறையும் இருக்கிறது, சிறு விவசாயிகளுக்கு அதுதான் கட்டுப்படியாகும். அதற்கு மேல், கடைக்காரரிடம் இது எந்த ஊர் நெல், எந்தப் பட்டத்தில் அறுத்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கேட்ட உடனே முகம் மலர்ந்து சொல்வார். வண்டு விழுந்தால் இயற்கை அரிசி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எந்த அரிசியையும் ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் வைத்தால் வண்டு விழும்.

சர்க்கரை தீரும், புற்று தீரும் என்று பையில் அச்சடித்திருந்தால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் மகள் உடம்புக்கு இது எவ்வளவு நல்லது என்று அளந்து சொல்ல நான் மருத்துவன் அல்ல. யாருக்கு நிச்சயமாக நல்லது என்று எனக்குத் தெரியும். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்தில் வாங்கிக்கொள்கிற அந்த ஆள் உங்கள் அரிசிக்காக மருந்து அடிக்காமல் இருக்கிறார். 125 ரூபாயில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் நிற்கவைத்தது அந்த இரண்டு வரிதான். அவருக்கும் இந்த அரிசி கிடைக்க வேண்டுமென்றால் அது அங்காடி வழியாக நடக்காது, ரேஷன் கடை வழியாகத்தான் நடக்கும். நடக்காத காரியமும் இல்லை. ஒடிசாவில் 2017ல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் பழங்குடி உழவர்களிடம் கேழ்வரகை அரசே கொள்முதல் செய்து ரேஷனில் கொடுத்தது. நம் மாநிலத்திலும் 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே வருடம் இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வெளியானது. கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கு என்று மூன்றாவதாக ஒரு பிரிவும் ஒரு விலையும் வந்தால், மாற்றக் காலத்து நெல்லையும் அதில் சேர்த்துக்கொண்டால், எங்கள் தெருவில் திரும்பிப்போன அந்த இருவரும் மறுபடி வருவார்கள். முதலில் சத்துணவுக் கூடங்களுக்கு மட்டும் என்று தொடங்கினாலும் போதும். இதை நான் போகிற இடமெல்லாம் பேசுகிறேன். நீங்களும் பேசுங்கள். அதுவரை உங்களால் முடிந்தால், அக்கா வீட்டுக்கும் மாதம் இரண்டு கிலோ சேர்த்து வாங்குங்கள். அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பட்டை தீட்டாத அரிசி வேக நேரமாகும், கேஸ் செலவு அவருக்கு.

கடைசியாக மாமனாருக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் வயலில் வடக்கு மடையை ஒட்டிப் பத்துக் குழி இடத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் நட்டு மூன்று வாரத்தில் பயிர் குன்றிவிடுகிறது. கீழ் இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. வேப்பம்புண்ணாக்கு போட்டுப் பார்த்தான், அமிர்தக் கரைசல் கூடுதலாக விட்டுப் பார்த்தான், தண்ணீரை வடித்தும் பார்த்தான். துத்தநாகக் குறைவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம், தம்பி அது இல்லை என்கிறான். தஞ்சாவூர் மண்ணில் முப்பத்தைந்து வருடம் நடந்தவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புரட்டாசிக் கடைசியில் புள்ளி தெரியத் தொடங்கும். அந்த நேரம் அவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு வசதிப்பட்ட தேதியைச் சொன்னால் மன்னார்குடி ரயில் நிலையத்துக்குத் தம்பி வண்டியோடு வந்துவிடுவான்.

அன்புடன்.